பட்டிக்காடு எங்கே இருக்கிறது?

நம் பல்கலைக்கழகங்களில் மேடையேறும் தமிழ் நாடகங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஒரு பாத்திரம் நன்கு பழக்கமானது. கட்டம் போட்ட கைலி, எண்ணெய் வழியும் தலை, கையில் ஒரு பழைய பை. மின்படியில் கால் வைக்கத் தயங்குவான். பெருவிரைவு ரயில் நிலையத்தின் தடுப்புக் கதவில் மாட்டிக்கொண்டு விழிப்பான். "அங்கிட்டு, இங்கிட்டு" என்று பேசுவான். அவன் வாயைத் திறந்தாலே அரங்கம் அதிரும். கதைக்கு அவன் தேவைப்படுவதில்லை. கதை தொய்வடையும் இடத்தில் சிரிப்பு வேண்டும் என்பதற்காக அழைத்து வரப்படுகிறான். பாத்திரப் பட்டியலில் அவனுக்குப் பெயர்கூட இருக்காது. "ஊர்க்காரன்" என்று போட்டிருப்பார்கள்.

சிரிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். நகைச்சுவையைத் தடை செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், எதற்காகச் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு அரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகு என்ன செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

முதலில் சொற்களிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் கிராமத்து மனிதரை இழிவாகக் குறிக்க ஒவ்வொரு மொழியும் தன் பங்கைத் தந்திருக்கிறது. மலாய் மொழியில் ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும் 'உலு' என்ற சொல்லை, ஆளரவமற்ற இடம் என்ற பொருளில் நாம் எல்லாரும் பயன்படுத்துகிறோம். ஜூரோங்கின் கோடியில் இருக்கும் நன்யாங் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்! ஹொக்கியன் மொழியில் 'சுவாகூ' என்றால் மலை ஆமை. வெளியுலகம் தெரியாதவனுக்கு அந்தப் பெயர். தமிழில் நமக்குப் 'பட்டிக்காட்டான்' இருக்கிறான். ஆங்கிலமும் விலக்கன்று. நம் திரைப்படங்களில் நாம் தினமும் உச்சரிக்கும் 'வில்லன்' என்ற சொல் லத்தீன் மொழியில் பண்ணையில் வேலை செய்யும் உழவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகும். உழுதவன் பெயரே கயவனின் பெயராகிவிட்டது. 'நாகரிகம்' என்ற சொல்லுக்குள் நகரம் இருக்கிறது. நகரத்தில் வாழ்வதே நாகரிகம் என்ற முடிவு அச்சொல் பிறந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'பண்பாடு' என்ற சொல்லை நினைக்கும்போது, நிலத்தைப் பண்படுத்துவது நினைவுக்கு வருகிறதல்லவா?

கிராஞ்சி என்னும் கண்ணாடி

சிங்கப்பூரில் கிராமம் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி நினைப்பவர்கள் ஒரு நாள் கிராஞ்சிக்குப் போய் வரலாம். புளிப்பும் இனிப்பும் கலந்த பழம் தரும் கிராஞ்சி மரத்தின் பெயரைத் தாங்கிய இடம் அது. 1996இல் பெருவிரைவு ரயில் அங்கு வந்தது. நிலையத்திலிருந்து மேற்கே சென்றால் நீர்த்தேக்கமும், சுங்கை பூலோ ஈரநிலமும், லிம் சூ காங் வரை நீளும் பண்ணைகளும் இருக்கின்றன. கீரையும் முட்டையும் மீனும் ஆட்டுப்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. பண்ணைக்காரர்கள் சிலர் 2005இல் கிராஞ்சி நாட்டுப்புறச் சங்கம் என்ற அமைப்பையே தொடங்கினார்கள். நம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதாவது, நம் தட்டில் உள்ள ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னால் எங்கோ ஒரு கிராமம் இருக்கிறது.

அதே கிராஞ்சியில், தொழிற்பேட்டைகளுக்கு அருகே, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர், இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்த தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள். விடியுமுன் லாரியின் பின்புறத்தில் ஏறி வேலைத்தளத்துக்குச் செல்லும் இவர்கள்தாம் நம் அடுக்குமாடி வீடுகளையும் சுரங்கப் பாதைகளையும் கட்டுகிறார்கள். நகரத்தைக் கட்டுபவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் தேக்காவுக்கு வருகிறார்கள். அன்று மட்டும் அவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். "இன்றைக்குத் தேக்கா பக்கம் போகாதே, ஊர்க்காரர்கள் கூட்டமாக இருக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

ஆனால் தேக்காவின் கதை என்ன? சிராங்கூன் சாலைக்கு அருகே 'பஃபலோ ரோடு' இருக்கிறது. 'கெர்பாவ் ரோடு' இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. தண்ணீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலம் என்பதால் மாட்டுக் கொட்டில்கள் அங்கே அமைந்தன. அவற்றை நம்பித் தமிழ்நாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் மாடு மேய்ப்பவர்களும் பால்காரர்களும் வந்து குடியேறினார்கள். 'கண்டாங் கெர்பாவ்' என்ற பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். தமிழில் மாடுகளை அடைக்கும் இடத்துக்குப் 'பட்டி' என்று பெயர் உண்டு. ஆக, லிட்டில் இந்தியாவே ஒரு பட்டிதான்! அந்தப் பெயரைத் தாங்கிய கே.கே. மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. நம் பெற்றோரில் பெரும்பாலோர் பிறந்த இடத்தின் பெயரே மாட்டுக் கொட்டில் என்றால், நாம் யாரைப் பார்த்துப் பட்டிக்காட்டான் என்கிறோம்?

ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளை அழைத்து வருகிறார்கள். அவை லிம் சூ காங் பண்ணையிலிருந்து வருபவை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று மாட்டோடு படம் எடுத்துக்கொள்கிறோம். நம் மரபு, நம் பெருமை என்கிறோம். மாட்டை மதிக்கும் நாம் அதைக் கட்டி வளர்த்த மனிதரின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம். இந்த முரண்பாடு நமக்கு ஏன் உறைப்பதில்லை?

நேற்றுவரை நாமும் கம்பத்தார்தான்

"அவர்களுக்குப் பொது இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாது. கண்ட இடத்தில் உட்காருகிறார்கள், குப்பை போடுகிறார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் குறை. இதில் சிறிதும் உண்மை இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் தூய்மை நம் இரத்தத்தில் ஊறிய ஒன்றா என்பதை வரலாற்றைப் பார்த்துச் சொல்வோம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டபோது மக்களில் மிகப் பெரும்பாலோர் கம்பத்து வீடுகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் வாழ்ந்தார்கள். கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபோது கோழிகளையும் கூடவே கொண்டுவந்தவர்கள் உண்டு. மின்தூக்கியைக் கண்டு அஞ்சியவர்கள் உண்டு. 1968இல் 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கம் வந்தது. 1979இல் மரியாதை இயக்கம் வந்தது. எச்சில் துப்பாதீர்கள் என்று சொல்ல ஓர் இயக்கம் தேவைப்பட்டது. 1980களில் மின்தூக்கிகளுக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்கக் கருவி பொருத்த வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? இந்த மண்ணின் மக்கள்தாம். வீடும் கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் கல்வியும் அபராதமும் சேர்ந்து, ஒரு தலைமுறைக் காலத்தில் பழக்கத்தை மாற்றின. ஆக, மாறுவதற்குத் தேவைப்பட்டவை வசதியும் காலமும். பிறந்த இடத்துக்கும் பண்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு நாமே சான்று.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஞாயிறு மாலை நடைபாதையில் அமர்ந்து சாப்பிடுபவருக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது? பலர் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதியில் வாழ்பவருக்கு நண்பனைச் சந்திக்க வரவேற்பறை ஏது? நமக்கு வீட்டுக்குள் நடக்கும் வாழ்க்கை அவருக்குத் தெருவில் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "நடத்தை சரியில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

திரைப்படம் தந்த வரைபடம்

கிராமத்தான் என்ற ஒற்றை முத்திரையோடு இது நிற்பதில்லை. தமிழ்நாட்டை நேரில் பார்க்காத நம்மில் பலருக்குத் திரைப்படமே தமிழ்நாட்டு வரைபடம். மதுரை என்றால் அரிவாள். கோயம்புத்தூர் என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் குழையும் மரியாதை. திருநெல்வேலி என்றால் 'ஏலே'யும் அல்வாவும். 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில் பாரதிராஜா படப்பிடிப்புத் தளத்தைவிட்டுக் கிராமத்துக்கே கேமராவைக் கொண்டு சென்றார். அது பெரிய மாற்றம்தான். ஆனால் பின்னர் வந்த பலர், மண்ணை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2000களில் மதுரையைக் களமாகக் கொண்ட படங்கள் வரிசையாக வந்தபோது, அந்நகரில் வெட்டும் குத்தும் தவிர வேறெதுவும் நடப்பதில்லை என்று நினைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. சங்கம் வளர்த்ததாக நாம் மேடையில் போற்றும் மதுரையும் அரிவாள் மதுரையும் ஒன்றுதான் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்கலாம். சென்னை ஒரு மாநகரம், தலைநகரம். ஆனால் மெட்ராஸ் பாஷையும் அதே அளவு கேலிக்கு உள்ளாகிறது. நகரம் உயர்வு, கிராமம் தாழ்வு என்பதே கணக்கு என்றால் சென்னைத் தமிழ் அல்லவா மதிக்கப்பட வேண்டும்? ஏன் இல்லை? அதைப் பேசுபவர்கள் மீனவர்கள், ரிக்ஷா ஓட்டியவர்கள், குடிசைவாழ் மக்கள் என்பதால்தான். ஆகவே நாம் ஊரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வறுமையைப் பார்த்து, உடலுழைப்பைப் பார்த்துச் சிரிக்கிறோம். பழி மட்டும் ஊரின் மேல் விழுகிறது.

சிரிப்பு எங்கே போய் முடிகிறது?

மேடைச் சிரிப்பு மேடையோடு முடிந்தால் கவலையில்லை. 2008ஆம் ஆண்டில் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில், பயன்படாமல் இருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக மாற்றத் திட்டமிட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி கடைசியில் வந்தது. ஆனால் ஊழியர்கள் குடியிருப்புப் பகுதி வழியாக நடந்து செல்லாதபடி அதற்குத் தனிப் பாதையும் வந்தது. அந்தப் பாதை எதைச் சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதில் ஈடுபட்டவர்கள் சில நூறு பேர். 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். வன்முறையை நியாயப்படுத்த முடியாது, சட்டம் தன் கடமையைச் செய்தது. விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஆனால் அந்த நாள்களில் நம்மிடையே கேட்ட பேச்சு என்ன? "இவர்களால் நம் பெயர் கெடுகிறது", "அவர்கள் வேறு, நாங்கள் வேறு" என்பதுதான். இறந்தவரும் ஒரு தாய்க்கு மகன் என்பதைப் பேசியவர்களைவிட, தம்மைப் பிரித்துக் காட்டிக்கொள்ள முனைந்தவர்களே அதிகம்.

2020இல் கொவிட் பெருந்தொற்று விடுதிகளுக்குள் பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில் சீன நாளிதழ் ஒன்றில் வெளியான வாசகர் கடிதம், தொற்றுக்கு ஊழியர்களின் துப்புரவுப் பழக்கங்களையும், அவர்கள் கையால் சாப்பிடுவதையும், பின்தங்கிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் காரணமாகக் காட்டியது. அமைச்சர் கா. சண்முகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நாமும் கொதித்தோம், சரிதான். ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த கருத்துக்கும் நம் நாடகத்தில் நாம் கைதட்டும் காட்சிக்கும் எவ்வளவு தூரம்? கையால் சாப்பிடுபவர்கள் என்று அவர் எழுதியது நம்மையும் சேர்த்துத்தான். அவ்வாண்டின் இறுதியில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 152,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அடுத்தடுத்த கட்டில்களில், பொதுக் குளியலறைகளுடன் வாழ்ந்தவர்களிடையே அது பரவியது. பழக்கவழக்கத்தைப் பழித்தால், கட்டில்களுக்கு இடையே இருந்த இடைவெளியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தப்பெண்ணத்தின் பயன் இதுதான். அது கேள்வியைத் திசைதிருப்பிவிடுகிறது.

நம் அச்சம்

நாம் ஏன் இப்படி நடந்துகொள்கிறோம்? நாம் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அஞ்சுகிறோம் என்பதால். இந்நாட்டில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். சிறுபான்மையினர் எப்போதும் பிறர் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொள்பவர்கள். ரயிலில் பக்கத்து இருக்கையில் அமரத் தயங்கும் ஒருவர், நம்மையும் அந்த ஊழியரையும் வேறுபடுத்திப் பார்ப்பாரா என்ற ஐயம் நமக்கு இருக்கிறது. அதனால் நாமே முந்திக்கொண்டு வேறுபடுத்திக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் சற்று உரக்கப் பேசுகிறோம். அவர் தமிழில் வழி கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம். நம்மை நோக்கி வரும் ஏளனத்தை அடுத்தவர் மேல் திருப்பிவிடுவது எளிய தற்காப்பு. ஆனால் அதனால் ஏளனம் குறைவதில்லை. அதற்கு நாமும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டதாகிவிடுகிறது.

நம் முன்னோர் வேறு வழியில் வந்தவர்கள் அல்லர். நகராட்சியின் தெருக்களைக் கூட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தவர்கள், தென்காசி, கடையநல்லூர் பகுதிகளிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் கடை வைத்தவர்கள் என்று பெரும்பாலோர் சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் விட்டுக் கப்பலேறியவர்களே. அவர்களுக்கும் இன்றைய ஊழியருக்கும் இடையே உள்ள வேறுபாடு, அவர்கள் தங்க முடிந்தது, இவர்களால் தங்க முடியாது என்பதுதான். அனுமதிச் சீட்டின் வகையை நாம் மனிதரின் தரமாக மாற்றிக்கொண்டோம்.

எதிர்த்திசையிலும் தப்பெண்ணம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. "சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தமிழே வராது, கலந்துதான் பேசுவார்கள்" என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. அதுவும் இதே நோய்தான். 'லா'வும் 'மக்கானும்' கலந்த நம் தமிழுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கேலி செய்தால் நமக்கு வலிக்கிறது. அந்த வலியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் போதும், 'அங்கிட்டு' என்பவருக்கு எப்படி வலிக்கும் என்பது விளங்கிவிடும்.

யாருடைய தமிழ் கொச்சை?

2005இல் கல்வி அமைச்சின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் தரப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவரும் நிலையில் அது தேவையான முடிவு. ஆனால் 'தரமான பேச்சுத்தமிழ்' என்ற சொற்றொடரை நாம் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றுகிறது. வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழக்கைக் கற்பிக்க வேண்டியது நடைமுறைத் தேவை. மற்ற வழக்குகள் தரமற்றவை என்று அதற்குப் பொருள் இல்லை.

'சோறு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதை நாட்டுப்புறத்துச் சொல் என்று ஒதுக்கிவிட்டுச் 'சாதம்' என்கிறோம், அல்லது 'ரைஸ்' என்கிறோம். சங்க இலக்கியத்தில் ஆளப்பட்ட பழந்தமிழ்ச் சொல் சோறுதான். 'தூங்கு' என்பதற்கு 'உறங்கு' என்றும், 'திட்டு' என்பதற்கு 'வை' என்றும் சிற்றூர் மக்கள் சொல்கிறார்கள். அவை இலக்கியத்தில் நாம் படித்துப் பொருள் எழுதும் சொற்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சொல்லை, பேருந்தில் ஒருவர் இயல்பாகச் சொன்னால் கொச்சை என்கிறோம்.

கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர், கரிசல் காட்டு உழவர். 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை அவர் வெளியிட்டார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021இல் மறைந்தபோது தமிழுலகமே அஞ்சலி செலுத்தியது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி தொகுத்தார். இன்று நவீனத் தமிழ் இலக்கியம் என்று நாம் பாடத்தில் படிப்பதில் பெரும்பகுதி, வட்டார வழக்கில் எழுந்ததுதான்.

நம் மேடைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார். உலகம் முழுவதையும் தன் ஊராகக் கண்டவர். அவருடைய ஊர் சிவகங்கை மாவட்டத்திலுள்ள மகிபாலன்பட்டி என்று கருதப்படுகிறது. பெயரைக் கவனியுங்கள், பட்டி! 2015இல் அகழாய்வு தொடங்கிய கீழடியும் அதே மாவட்டத்துச் சிற்றூர்தான். தென்னந்தோப்புக்குக் கீழே செங்கற் கட்டடங்களும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தபோது நாம் பெருமிதம் கொண்டோம். அந்த மண்ணிலிருந்து வந்த மனிதர் கிராஞ்சி நிலையத்தில் நம் எதிரே நிற்கும்போது அந்தப் பெருமிதம் எங்கே போகிறது? 2000இல் இங்கே கவிமாலையைத் தொடங்கிய பிச்சினிக்காடு இளங்கோ தம் சிற்றூரின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டவர். கூச்சப்பட வேண்டியது ஒன்றுமில்லை என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2020இன்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் தமிழ்க் கடைக்கும் தமிழ்த் திரைப்படத்துக்கும் தமிழ் வானொலிக்கும் இவர்களும் ஆதரவு தருகிறார்கள். தமிழ் குறைந்துவருகிறது என்று கருத்தரங்கு நடத்தும் நாம், ஞாயிறுதோறும் தேக்காவில் பொங்கி வழியும் தமிழைக் காதில் வாங்காமல் கடந்து போகிறோம்.

கிராமத்துக்குக் கோயில் கட்ட வேண்டாம்

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். "கிராமம் என்றால் எல்லாம் நல்லதா? சாதிக் கொடுமை இல்லையா? பெண்ணடிமை இல்லையா?" உண்டு. ஊர் என்றும் சேரி என்றும் மனிதரைப் பிரித்து வைத்ததும் கிராமம்தான். 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களைக் கடுமையாக மறுத்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் சாடியது ஓர் அமைப்பை. வயலில் உழைத்தவனின் உடையையோ பேச்சையோ அல்ல. சாதியை எதிர்ப்பது என்றால் அங்கே தொடங்கலாம். கைலியைப் பார்த்துச் சிரிப்பதால் சாதி ஒழியாது. சொல்லப்போனால், அந்த அமைப்பில் நசுக்கப்பட்டு, அதிலிருந்து தப்பிக்கக் கடன் வாங்கி இங்கு வந்தவரையே அச்சிரிப்பு மீண்டும் தாக்குகிறது.

அதேபோல், அவர்களைப் பார்த்து இரக்கப்படுவதும் தீர்வன்று. பட்டயப் படிப்பு முடித்தவர்கள், கவிதை எழுதுபவர்கள், ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவர்கள் அவர்களிடையே உண்டு. 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் பின்னர் தமிழிலும் எழுதினார்கள். அவர்களுக்குத் தேவை நம் பரிதாபம் அல்ல, சமமான பேச்சு.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்களாகிய நம்மால் கொள்கைகளை மாற்ற முடியாமல் இருக்கலாம். ஆனால் நம் கைக்கு எட்டிய சிலவற்றை இவ்வாண்டிலிருந்தே செய்யலாம்.

முதலாவது, நாடகம் எழுதுவோர் 'ஊர்க்காரன்' பாத்திரத்துக்கு ஒரு பெயரும் ஒரு கதையும் கொடுக்கட்டும். அவனும் பிறரைக் கேலி செய்யட்டும். அவன் பேச்சைத் தவிர அவனிடம் சிரிக்க எதுவும் இல்லையென்றால், அது நாடகத்தின் குறை.

இரண்டாவது, நம் கவிதைப் போட்டிகளையும் பட்டிமன்றங்களையும் பார்க்க, பங்கேற்க, நடுவராக அமர விடுதிகளில் வாழும் தமிழரை அழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நடத்தினால் அவர்களில் பலரால் வர இயலும்.

மூன்றாவது, கிராஞ்சி விடுதிகளிலும் தேக்காவிலும் பல வட்டாரத் தமிழ் ஒரே இடத்தில் கூடுகிறது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு அலைந்து கேட்க வேண்டியதை இங்கே ஒரே மாலையில் கேட்கலாம். நம் பேரவையே ஒரு சிறு சொற்றொகுப்பைத் தொடங்கலாம். அவர்கள் ஆசிரியர்களாகவும் நாம் மாணவர்களாகவும் அமரும் ஒரு நாள் நமக்குத் தேவை.

நான்காவது செலவில்லாதது. விரிவுரையாளரிடம் 'நீங்கள்' என்கிறோம். நம் தந்தை வயதுள்ள ஊழியரிடம் 'நீ' என்கிறோம். உணவங்காடியில் மேசை துடைப்பவரை, கட்டடத்துக்குச் சாயம் அடிப்பவரை 'அண்ணே' என்றழைத்து, 'வாங்க, சொல்லுங்க' என்று பேசிப் பார்ப்போம். மரியாதைக்கென்று தனியாக ஒரு பன்மையையே வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதில்தான் நாம் எந்தக் காட்டில் இருக்கிறோம் என்பது தெரியும்.